மனு கொடுத்தால் நடைபாதை சரியாகுமா, சாலை விதியையே மாற்றப் போராட வேண்டுமா?

நடைபாதை இருந்தும் அதில் நடக்க முடியவில்லை, இருமுறை மனு கொடுத்தும் பதில் வரவில்லை, எனவே ஆட்களைத் திரட்டிச் சாலை விதிகளையே மாற்றக் கோரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனுவில் என்ன எழுதினீர்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. "பொதுமக்கள் பெரிதும் அவதிக்குள்ளாகின்றனர், ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருப்பீர்கள் என ஊகிக்கிறேன். ஏனெனில் என்னுடைய முதல் மனுவும் அப்படித்தான் முடிந்தது.

கோவைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நகராட்சியில் வசிக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். 2022 டிசம்பரில், அப்போது 74 வயதாகியிருந்த என் அம்மா, பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நடைபாதையை விட்டுத் தார்ச்சாலையின் ஓரமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த இருசக்கர வாகனத்தின் கண்ணாடி அவருடைய கையில் தட்டியதில் கீழே விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓட்டிவந்த பையன் ஓடிவிடவில்லை, அவனே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் பதினைந்து ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவள்தான். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று எழுத வரவில்லை.

என்னை உறுத்தியது வேறு. காவல் நிலையத்தில் புகாரை எழுதியவர், நான் சொல்லாமலேயே "கவனக்குறைவாகச் சாலையில் நடந்து சென்றபோது" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தார். அதை நீக்கச் சொன்னதற்கு, "பக்கத்துலயே பிளாட்பாரம் இருக்குதுங்களே மேடம்" என்றார். நாளிதழ்களிலும் இதே கதைதான். அடிபட்டவர் எப்போதும் "சாலையைக் கடக்க முயன்றபோது" அடிபடுகிறார், கடப்பதே ஒரு குற்ற முயற்சி என்பதுபோல. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இத்தனை பேரும் கவனக்குறைவாகவா நடந்தார்கள்?

அம்மா ஏன் நடைபாதையில் ஏறவில்லை என்பதற்கான காரணத்தை நான் கண்டுபிடித்தது தையல் பெட்டியிலிருந்த அளவு நாடாவால். எங்கள் தெருவில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மேல் போட்ட கான்கிரீட் பலகைதான். அது சாலை மட்டத்திலிருந்து 37 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வீட்டுப் படி ஒன்று 15 முதல் 17 செ.மீ. வரை இருக்கும், அப்படியானால் முழங்கால் தேய்ந்த ஒருவர் இரண்டு படிகளை ஒரே எட்டில் ஏற வேண்டும். ஏறினாலும் இருபதடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. அதைச் சுற்றிப்போக மீண்டும் இறங்க வேண்டும். இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டபோது, பைக்குகள் ஏறிவிடாமல் இருக்க என்று பதில் வந்தது. பைக்குகளோ, கடைக்காரர்கள் போட்டுக்கொண்ட சரிவுகள் வழியாகத் தாராளமாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

என்னுடைய முதல் மனு நான்கு பக்கம். அம்மாவின் வேதனை, அரசின் மெத்தனம், நாட்டின் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தன. உரிய துறைக்கு அனுப்பப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தியும், இரண்டு மாதம் கழித்து முடித்து வைக்கப்பட்டதாக இன்னொன்றும் வந்தன. நேரில் போனால், சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, வடிகால் நகராட்சியுடையது, டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது என்றார்கள். அம்மா யாருடையவர் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இரண்டாவது மனு ஒரே பக்கம். நானூறு மீட்டர் நீளத்தில் பதினோரு இடங்களின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, அண்ணன் மகளின் கிராஃப் நோட்டிலிருந்து கிழித்த தாளில் வரைந்து இணைத்தேன். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற தொழில்நுட்ப அமைப்பு 2012இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதல்படி, விளிம்புக் கல்லின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இருக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று மட்டும் எழுதினேன். கூடவே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த வடிகாலின் மதிப்பீட்டையும் வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். வந்து சேர்ந்த வரைபடத்தில் உயரம் 15 செ.மீ. என்றே போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி, தரநிலைப்படி சாலை அமைக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மிரட்டவில்லை, கடைசி வரியில் பிரிவு எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். ஐந்தாவது மாதத்தில் பதினோரு இடங்களில் நான்கில் சரிவுப் பாதை போட்டார்கள்.

இதற்கிடையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தினர், நடைபாதைக் கடைகளை அகற்றக் கோரும் மனுவாக இதை மாற்றினால் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். பூக்காரம்மா அடைத்திருப்பது மூன்றடி. சங்கப் பிரமுகரின் கார் அடைத்திருப்பது பதின்மூன்றடி. தெரு வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டு வாசல் நடைபாதையில் கார் நிறுத்த எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. இதை எழுதியதற்காகச் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

விதியை மாற்றலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடந்து செல்பவர்களுக்குச் சாதகமான விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. வரிக்குதிரைக் கோட்டை நெருங்கும் வாகனம் வேகம் குறைத்து, நின்று வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. ஆனால் மாநில அளவில் புதிய விதிகள் எழுதப்பட வேண்டியிருப்பதால், தலையிடவும் இதுதான் சமயம். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. பாதசாரிகள் குறித்தும் சாலை வடிவமைப்புத் தரம் குறித்தும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்க வேண்டும் என்று அக்டோபரில் உத்தரவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் எந்த விதியையும் முதலில் வரைவாக வெளியிட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும். வரைவு அரசிதழில் வந்தால், ஆட்சேபணை அனுப்பக் குறித்திருக்கும் நாளுக்குள் எழுதி அனுப்புங்கள். முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: பாதசாரிகளை "ஒழுங்குபடுத்த" என்றுதான் சட்டத்தின் வாசகம் இருக்கிறது. நாம் பேசாமல் இருந்தால், 37 செ.மீ. ஏற முடியாமல் சாலையில் நடப்பவருக்கு அபராதம் போடவும் அந்தச் சொல் இடம் கொடுக்கும். அமைப்பாகத் திரள்வதென்றால் அதற்காகத் திரளுங்கள்.

டிரான்ஸ்பார்மர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அம்மா அந்த இடம் வந்ததும் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குகிறார். மின்வாரியத்துக்கான நினைவூட்டல் மனுவை அடுத்த திங்கள்கிழமை கொண்டுபோகிறேன். கிராஃப் தாளின் நகல் வேண்டுமானால் சொல்லுங்கள், மாதிரிக்கு அனுப்புகிறேன்.