நிற்கும் இடம் சரியில்லை என்றால் லென்ஸ் என்ன செய்யும்?

(வாசகர் கேள்வி – பதில்: இந்த முறை நெடுந்தூரப் பந்தயப் படங்கள்)

கேள்வி: முதல்முறையாக ஒரு மாரத்தானில் படம் எடுத்தேன். ஷட்டர் வேகம் 1/250 நொடி வைத்திருந்தேன். முகம் பரவாயில்லை, கைகால் எல்லாம் கலங்கிப்போயின. கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: கேமராவின் மேல் பழி போடாதீர்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஒரு நொடியில் ஏறக்குறைய 3.3 மீட்டர் போகிறார். 1/250 நொடிக்குள் உடம்பு 1.3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கால் அதைவிட மோசம். தரையில் ஊன்றிய கால் அந்தக் கணம் அசையாமல் நிற்கிறது. அந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் மற்ற கால் உடம்பைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பாய்கிறது. அதனால் ஓட்டத்துக்கு 1/1000 நொடியில் தொடங்குங்கள். சைக்கிள் பக்கத்தில் கடந்துபோகிறது என்றால் 1/2000. வெளிச்சம் போதவில்லையா, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், கலங்கிய கண்ணை எல்லோரும் பார்ப்பார்கள்.

ஆனால் இதைவிட முக்கியம், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது. எழுதவில்லையே! குறுக்கே ஓடுபவர் ஃபிரேமுக்குள் விறுவிறுவென்று நகர்வார். நம்மை நோக்கி வருபவர் அவ்வளவு நகரமாட்டார், அதே ஷட்டர் வேகத்தில் கூர்மையாக விழுவார். சாலை வளையும் இடத்தில், வளைவின் வெளிப்புறம் நின்று பாருங்கள். எல்லோரும் கொஞ்ச நேரம் உங்களை நோக்கியே வருவார்கள். பந்தயத்துக்கு முதல் நாள் வெறும் கையோடு பாதையை நடந்து பார்ப்பது என் வழக்கம். படத்தில் பாதி அன்றைக்கே எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கேமரா நொடிக்கு 6 படம் எடுக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தே இருக்கிறேன். ஆனாலும் எல்லாப் படத்திலும் ஓட்டக்காரர் இருக்கையிலிருந்து எழப்போகிறவர் மாதிரியே தெரிகிறார்.

பதில்: ரசித்துச் சிரித்தேன், எனக்கும் நடந்ததால். நல்ல ஓட்டக்காரர் நிமிடத்துக்குச் சுமார் 180 அடி வைப்பார், அதாவது நொடிக்கு 3. உங்கள் கேமரா 6. ஆக, ஓர் அடிக்குச் சரியாக 2 படம். முதல் இரண்டு படமும் தப்பான கணத்தில் விழுந்தால், பின்னால் வருவதெல்லாம் அதே தப்பான கணங்கள்தான். பொத்தானை விட்டுவிட்டு, மூன்று நான்கு படமாகத் துண்டு துண்டாக எடுங்கள். பின்கால் தரையைத் தள்ளும்போது தொடங்குங்கள். அடுத்து இரண்டு காலும் காற்றில் இருக்கும் கணம் வரும். குதிரை ஓடும்போது நான்கு காலும் தரையைவிட்டு எழும் கணம் உண்டு என்று புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-இல் கேமராக்களை வரிசையாக வைத்துக் காட்டினார். நாம் தேடுவதும் அந்தக் கணத்தைத்தான். துண்டாக எடுப்பதில் இன்னொரு லாபம், கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பாது. ஒருமுறை அது நிரம்பி, முதலிடத்தில் வந்தவர் நாடாவைத் தொடும் நேரத்தில் என் கேமரா 'பொறு' என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இன்றுவரை என்னிடம் இல்லை.

கேள்வி: ஃபோகஸ் பின்னால் நிற்கும் கூட்டத்தின் மேல் போய் விழுகிறது.

பதில்: ஓடுபவரை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். சில கேமராவில் ஏஎஃப்-சி, சிலவற்றில் ஏஐ சர்வோ என்று இருக்கும். பரந்த பகுதியைத் தானே தேடும் முறையை விட்டு, சின்னப் பகுதியாகத் தேர்ந்து நெஞ்சில் இருக்கும் எண் அட்டையில் வையுங்கள். வெள்ளை அட்டை, கறுப்பு எண். ஆட்டோ ஃபோகஸுக்கு அதைவிட நல்ல பிடி கிடையாது. கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமரா இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர்களிடம் அது சிலசமயம் தடுமாறும்.

கேள்வி: சைக்கிள் தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் வரும் பேனிங் படங்களை எப்படி எடுப்பது? 1/30 நொடியில் எடுத்த 200 படமும் வீண்.

பதில்: 1/30-இல் ஏன் தொடங்கினீர்கள்? 1/125-இல் தொடங்குங்கள். கை பழகியபின் 1/60, அப்புறம் 1/30. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் 1/60 நொடியில் 16 சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது. அந்த 16 சென்டிமீட்டர் முழுக்க உங்கள் இடுப்பு அதோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இடுப்பு என்றுதான் சொன்னேன், கை இல்லை. வண்டி உங்களுக்கு நேராக வரும் இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். உடம்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கிக் காத்திருங்கள். வந்ததும் முறுக்கு தானாக அவிழும். படம் எடுத்தபிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள், பெரும்பாலோர் கெடுப்பது அங்கேதான்.

கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி லென்ஸில் இருந்தால், பேனிங்குக்கென்று தனி முறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். பின்னணியில் ஏதாவது இருக்க வேண்டும், மரமோ கொடியோ கூட்டமோ. வெறும் வானத்தின் முன்னால் எவ்வளவு அழகாகத் திரும்பினாலும் கோடு வராது. பத்தில் ஒன்று தேறினால் உங்களுக்கு நல்ல நாள். எனக்கும் அவ்வளவுதான் தேறும்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கேமராக்களில் அது படத்தை வரிவரியாகப் படிக்கிறது. குறுக்கே போகும் சைக்கிள் சாய்ந்து, சக்கரம் நசுங்கிய வளையம்போல வந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: மதியம் தூரத்தில் வரும் சைக்கிள்காரர்களைப் பெரிய லென்ஸில் எடுத்தால் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிகிறது.

பதில்: கானல். சூடான சாலைக்கு மேல் காற்று அலைகிறது. எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. கிட்டே வரட்டும், இல்லை காலையிலேயே எடுங்கள்.

கேள்வி: முடிவுக் கோட்டில் இடம் பிடிக்க அடிதடி. வேறு எங்கே நல்ல படம் கிடைக்கும்?

பதில்: முடிவுக் கோட்டில் பாதிப்பேர் கைக்கடிகாரத்தை நிறுத்தத் தலையைக் குனிகிறார்கள், மிச்சம் பேர் ஒருவரை ஒருவர் மறைக்கிறார்கள். 1967 பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, பெண் என்பதற்காகப் பந்தய அதிகாரி ஒருவர் வெளியே இழுக்கப் பார்த்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. அவை முடிவுக் கோட்டில் எடுத்தவை அல்ல, ஓட்டத்தின் தொடக்கப் பகுதியில் எடுத்தவை. நான் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் 30-ஐத் தாண்டிய ஓர் ஏற்றத்தைத் தேடுவேன். அங்கே யாரும் கேமராவுக்காகச் சிரிக்கமாட்டார்கள். முழங்காலிட்டுக் கீழிருந்து எடுங்கள், தொப்பி நிழலுக்குள் இருக்கும் முகமும் தெரியும். முன்னணியில் ஓடுபவர்கள் போனதும் பையைக் கட்டிவிடாதீர்கள். கடைசியில் வருபவர்களிடம்தான் எனக்கு நல்ல படங்கள் கிடைத்திருக்கின்றன. சாலைக்குள் மட்டும் காலை வைக்காதீர்கள், இறக்கத்தில் வரும் சைக்கிள்காரர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

கேள்வி: வலியில் துடிப்பவர்களை எடுப்பது சரியா?

பதில்: ஒருமுறை முடிவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒருவர் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். நான்கு படம் எடுத்தேன். அப்புறம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலுதவிக்காரரைக் கூப்பிடப் போனேன். அந்த வரிசை இப்போதும் உறுத்துகிறது, முதலில் போயிருக்க வேண்டும். அவர் எழுந்து நடந்தே முடித்தார். படங்களை அவரிடம் காட்டினேன். மூன்றை அழிக்கச் சொன்னார், அங்கேயே அழித்தேன். நான்காவதைத் தனக்கு அனுப்பச் சொன்னார். ஷூவைக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் அது.