சீன அரண்மனை ஜேட் சிற்பங்களில் கல் எங்கே முடிகிறது, குறியீடு எங்கே தொடங்குகிறது?

சீனப் பேரரசர்களின் ஜேட் சிற்பங்களில் உள்ள உருவங்களுக்கு என்ன பொருள், அவற்றின் வேலைப்பாட்டை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு திருத்தம். ஜேட் என்பதைச் சிலர் மரகதம் என்று எழுதிவிடுகிறார்கள்; அது வேறு கல். அரண்மனை போற்றியது ஜேட்டின் ஒரு வகையான நெஃப்ரைட்; அதில் உயர்ந்ததாகக் கருதப்பட்டது, ஆட்டுக்கொழுப்பின் வெண்மை கொண்ட கல். சியான்லோங் பேரரசரின் படைகள் 1759இல் வடமேற்கிலுள்ள ஷிஞ்சியாங்கை வென்ற பிறகு, அங்குள்ள ஹோத்தான் பகுதிக் கற்கள் திறையாகப் பெய்ஜிங்குக்கு வந்தன.

நுண்ணிழைகள் பின்னிப் பிணைந்த இந்தக் கல் உளிக்கு மசியாது. காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புத் தட்டில் ஈரமான கடுமணலை இட்டுத் தேய்த்துத் தேய்த்தே உருவம் எடுக்க வேண்டும். ஆகவே இதைச் செதுக்குதல் என்பதைவிட அரைத்தல் என்பதே சரி. இவ்வளவு பாடுபட்டுத் தேய்க்க வேண்டிய கல்லில் ஒரு துண்டைக்கூட வீணாக்க யாருக்கும் மனம் வராது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, 15.5 செ.மீ. உயரமே கொண்ட ஒரு சிற்பம். கிண்ணம் செய்வதற்காக நடுப்பகுதியை வட்டமாக எடுத்துவிட்ட பிறகு எஞ்சிய கல் அது. சூசௌ நகரக் கைவினைஞர் அந்த வட்டத் துளையைத் தோட்டத்தின் நிலா வாசலாக்கி, சற்றே திறந்த கதவின் இருபுறமும் ஒவ்வொரு பெண்ணை நிறுத்தினார். கல்லின் பழுப்புத் தோல் பாறையாகவும் மரமாகவும் மாறியது. எதையும் எறியாத அந்தத் திறனைப் பாராட்டி, 1773இல் சியான்லோங் எழுதிய கவிதை அதன் அடியில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

குறியீடுகளில் பல, நாம் சிலேடை என்போமே, அந்த வகையைச் சேர்ந்தவை. வௌவாலுக்கும் நற்பேறுக்கும் சீன மொழியில் 'ஃபூ' என்ற ஒரே ஒலி என்பதால்தான், நம் கண்ணுக்கு மங்கலமாகத் தெரியாத வௌவால் அரண்மனைப் பொருள்களில் இத்தனை முறை பறக்கிறது.

அரசியல் குறியீட்டுக்கு, வெள்ளத்தை அடக்கிய தொன்மக்கால மன்னர் யூவைக் காட்டும் ஜேட் மலையைச் சொல்ல வேண்டும். 224 செ.மீ. உயரமும் 5 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அதற்கு அரண்மனையில் மெழுகு மாதிரி செய்தார்கள்; யாங்சௌ நகரின் வெப்பத்தில் மெழுகு உருகிவிடும் என்று அஞ்சி, மர மாதிரியும் செய்தார்கள். 1787இல் வேலை முடிந்தது. யூவின் புகழைத் தன்மீது ஏற்றிக்கொள்வதே பேரரசரின் நோக்கம். ஆனால் உற்றுப் பார்த்தால் அந்த மலையெங்கும் தெரிபவர்கள், சம்மட்டியோடு பாறையை உடைக்கும் கூலியாட்கள்தான். உளிக்கு மசியாத கல்லில் அவர்களை உருவாக்க, யாங்சௌ தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின.