தாத்தாவின் பர்மா சண்டை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் இலங்கை இராணுவத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் சாரதியாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். என் அம்மாவின் தந்தையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ லொறி ஓட்டியவர். ‘தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்’ என்றே எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவருடைய தகரப்பெட்டியில் கிடைத்த, படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுகைப் பத்திரத்தின்படி 1944இலும் 1945இலும் அவர் பேராதனையில்தான் இருந்திருக்கிறார். பர்மா என்ற சொல்லே அதில் இல்லை. எங்கள் இருவரின் அனுபவத்தையும் வைத்து ஒரு நாவல் எழுத விரும்புகிறேன். குடும்பத்தார் சொல்வதை எழுதுவதா, பத்திரத்தில் உள்ளதை எழுதுவதா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் நீங்களே தீர்ப்பளித்துவிட்டால் நாவலுக்கு வேலை இல்லாமற் போய்விடும்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில் இருந்த தென்கிழக்காசியக் கூட்டுப்படைக் கட்டளையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அமைந்தது. ஜப்பானியரிடமிருந்து பர்மாவை மீட்பதற்கான போர் அங்கிருந்தே வழிநடத்தப்பட்டது. எந்நேரமும் பர்மாவைப் பற்றியே பேசிய அதிகாரிகளையும் அவர்களுடைய கோப்புகளையும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதிகளில் இரவும் பகலும் ஓடிய ஒரு சாரதி, ஊருக்குத் திரும்பி வந்து ‘பர்மா சண்டையில் இருந்தேன்’ என்று சொல்லியிருந்தால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லயத்து மக்களுக்கும் பர்மா என்பது வெறும் போர்க்களமாக இருக்கவில்லை. அந்நாடு ஜப்பானியர் வசமான பின்னர் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பர்மா என்றாலே அவர்களுக்குப் பானையில் இல்லாமற் போன அரிசியின் நினைவு வந்திருக்கும். ‘சப்பான்காரன் குண்டு போட்ட வருசம்’ என்று சொல்லியே என் பாட்டி தன் மூத்த மகனின் வயதைக் கணக்கிடுவார். அடுத்த வாக்கியத்தில் மரவள்ளிக்கிழங்கு வந்துவிடும்.

ஆகவே, பர்மா எல்லையை ஒட்டிய போர்க்களங்களான கொஹிமாவுக்கோ இம்பாலுக்கோ தாத்தாவை அனுப்பிவிடாதீர்கள். குடும்பப் போர்க்கதை எழுத முற்படும் பலர் செய்யும் தவறு இது. தாம் காணாத காட்டையும் பிறர் எழுதிய பீரங்கிச் சத்தத்தையும் கடன் வாங்கி, தம் வீட்டுக்கு மட்டுமே உரிய செய்தியை அதற்குள் தொலைத்துவிடுகிறார்கள். பேராதனையில் நிற்கும் ஒரு லொறியின் இருக்கையிலிருந்து அந்தப் போரைக் காட்டுங்கள். பர்மாவுக்குச் செல்லுமுன் இலங்கையில் பயிற்சி பெற்ற கிழக்காபிரிக்கப் படையினரை அவர் பார்த்திருக்கக்கூடும். கண்டி யுத்த மயானத்திற்கு ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். அங்குள்ள சுமார் 200 கல்லறைகளில் பிரித்தானியருடன் ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் அருகருகே கிடக்கிறார்கள்.

நாட்களை மட்டும் கண்டிப்பாகச் சரிபாருங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பெப்ரவரி 15. கொழும்பில் குண்டு விழுந்தது அதே ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலையில் ஏப்ரல் 9. தாத்தா இவற்றுக்குப் பின்னர் படையில் சேர்ந்தவராயின், படையில் இருந்தபோது குண்டுவீச்சைக் கண்டதாக அவர் ஏதேனும் கதை சொல்லியிருந்தால், அது வேறொருவரிடம் கேட்டதாக இருக்கலாம். அப்படியானால் அதைச் சொன்னவரையும் ஒரு பாத்திரமாக்கலாம்.

நான் உங்களிடம் திருப்பிக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. தாத்தா அந்தப் பத்திரத்தை ஏன் அவ்வளவு காலம் வைத்திருந்தார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அவரும் அவர்களில் ஒருவராயின், இந்த நாட்டில் முடியரசின் சீருடையை அணிந்து உழைத்த மனிதர், போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்று ஆக்கப்பட்டிருக்கிறார். உங்கள் நாவலின் உயிர் அந்தத் தகரப்பெட்டிக்குள் இருக்கிறது என்று நம்புகிறேன்.

கேள்வி: எனக்குக் கட்டளைகள் எல்லாம் சிங்களத்திலேயே கிடைத்தன. தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும். இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது?
– அதே வாசகர்

பதில்: ‘சீருவென்’ என்ற குரல் கேட்டதும் உங்கள் உடல் விறைத்து நின்றதல்லவா? அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். ஒரு மொழியில் கட்டளை பெற்று, இன்னொரு மொழியில் நினைத்து, அந்த மொழியிலேயே வீட்டுக்குக் கடிதம் எழுதிய ஒருவரின் அனுபவம் நம் தமிழில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. அதைச் செந்தமிழாக்கி மறைத்துவிடுவது பெரிய இழப்பு. கெப்டன், சார்ஜன்ட், கோப்ரல் என்ற சொற்களும் நீங்கள் உச்சரித்தபடியே இருக்கட்டும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பதைத் தோட்டத்தில் ‘பெரட்டு’ என்கிறோம். அது ‘பரேட்’ என்ற படைச்சொல்லின் திரிபு என்றே கொள்ளப்படுகிறது. பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு முகாமின் அணிவகுப்பு எவ்வளவு பழக்கமானதாகத் தோன்றியது, எந்த இடத்தில் அது வேறுபட்டது என்பதை உங்களால்தான் எழுத முடியும்.

கேள்வி: நான் வடக்கிலும் கடமையாற்றினேன். உடனிருந்தவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள். எதைச் சொல்லலாம், எதை விடலாம்?
– அதே வாசகர்

பதில்: பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், நடை, தழும்பு, அடிக்கடி சொல்லும் சொல் ஆகியவற்றால் ஒருவரை அடையாளம் காண முடியும். ஆகையால் இருவரை ஒருவராக்குங்கள், நடந்த இடத்தையும் மாற்றுங்கள். ஒருவர் உங்களை நம்பித் தனிமையில் சொன்னதை, அவரிடம் கேளாமல் அச்சில் ஏற்ற வேண்டாம். இறந்தவரின் கடைசி நிமிடங்களை எழுதுவதாயின், அவருடைய வீட்டார் அந்தப் பக்கத்தைத் திறக்கும் நாளை மனதில் வைத்து எழுதுங்கள்.

வடக்கில் நீங்கள் கண்ட மக்கள் உங்கள் மொழியைப் பேசியவர்கள். ஒரு சோதனைச் சாவடியில் முதியவர் ஒருவர் தமிழில் கேட்ட கேள்விக்கு, சீருடையில் இருந்த நீங்கள் எந்த மொழியில் பதில் சொன்னீர்கள் என்பது போன்ற ஒரு காட்சியை எழுதும்போது, எந்தத் தரப்புக்கும் உங்களை நியாயப்படுத்திக் காட்ட முயல வேண்டாம். நடந்ததையும், அப்போது தோன்றியதையும், சொல்லாமல் விழுங்கியதையும் எழுதுங்கள். கைநடுங்கும் பகுதிகளைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளலாம். நாவலை வரிசையாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் தாத்தாவின் பகுதியைத் தொடங்குங்கள். அம்மாவிடம் உட்கார்ந்து, தாத்தா லொறியை எப்படித் துடைப்பார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், அந்தப் பத்திரத்தை யாருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே இந்த வாரம் எழுதி வையுங்கள்.