ஹவாயின் பழங்கோயில்களில் எதுவரை போகலாம்?

கேள்வி: பெற்றோருடன் ஹவாயின் பெரிய தீவுக்குப் போகிறோம். 'ஹெயாவ்' எனப்படும் பழங்கோயில்களைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். உள்ளே போகலாமா? பூ வைத்துக் கும்பிட வேண்டும் என்கிறார் அம்மா.

பதில்: மேடைமேல் ஏறாதீர்கள். பூவும் வைக்க வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டு போனால் அம்மாவுக்கும் மனக்குறை இருக்காது.

கோபுரத்தையோ மண்டபத்தையோ எதிர்பார்க்காதீர்கள். ஹெயாவ் என்பது பெரும்பாலும் சாந்தே இல்லாமல் அடுக்கிய எரிமலைக் கல் மேடை. அதன்மேல் ஒருகாலத்தில் கூரை வேய்ந்த குடில்களும் மரத்தில் செதுக்கிய தெய்வ உருவங்களும் இருந்தன. 1819இல் ஹவாய் அரசர் இரண்டாம் கமேஹமேஹா 'கபு' என்ற பழைய மத விலக்குமுறையைக் கைவிட்டபோது, பல கோயில்கள் இடிக்கப்பட்டன, உருவங்கள் எரிக்கப்பட்டன. கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

ஒரே ஒரு இடம் பார்க்க முடியும் என்றால், கவாய்ஹாய் கடற்கரைக்கு மேலே உள்ள புஉகோஹோலாவைத்தான் சொல்வேன். போர்த் தெய்வமான கூவுக்கு இங்கே கோயில் எழுப்பினால் தீவுகள் எல்லாம் உன் கைக்கு வரும் என்று கபோஉகாஹி என்ற ஞானி சொல்ல, இரண்டாம் கமேஹமேஹாவின் தந்தையான முதலாம் கமேஹமேஹா 1790–91இல் இதைக் கட்டினார். தொலைவிலுள்ள பொலொலூ பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிக் கற்களைக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கட்டி முடித்ததும் அவருடைய எதிரியும் உறவினருமான கேஓவா அழைக்கப்பட்டார். படகில் வந்து கரையேறும்போதே கொல்லப்பட்டார். 1810இல் தீவுகள் எல்லாம் கமேஹமேஹாவின் ஒரே அரசின்கீழ் வந்தன. 1991இல் இருதரப்பு வழித்தோன்றல்களும் இங்கே கூடிச் சமாதானச் சடங்கு நடத்தினார்கள். இது பாழடைந்த இடம் அல்ல. இன்றும் அவர்களுடைய வழிபாட்டிடம். கீழே உள்ள நடைபாதையிலிருந்து பாருங்கள். அங்கிருந்தே மேடையின் பிரம்மாண்டம் தெரியும்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். இலையில் கல்லைச் சுற்றிக் காணிக்கையாக வைக்கும் பழக்கம் பயணிகளிடையே பரவியிருக்கிறது. பராமரிப்பவர்கள் இதுபோன்ற காணிக்கைகள் வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறார்கள். சாந்தில்லாத சுவரில் ஒரு கல்லை உருவினால் பக்கத்துக் கற்களும் தளரும். சூடம், மெழுகுவர்த்தி ஏற்றினால் சூட்டில் கல் வெடிக்கக்கூடும். நினைவுக்கென்று ஒரு சிறு கல்லைக்கூட எடுக்க வேண்டாம். பாதையில் நின்றபடி அம்மா கைகூப்பட்டும்; அந்த மௌனத்தை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

மதியத்துக்குமேல் காரில் தெற்கே புஉஹோனுவா ஓ ஹோனவுனவு போங்கள். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கபுவை மீறி மரண தண்டனைக்கு ஆளானவர்கள் ஓடிவந்து அடைக்கலம் புகுந்த இடம். அந்த எல்லைக்குள் கால்வைத்துவிட்டால் உயிர் தப்பியது. சுமார் 300 மீட்டர் நீளப் பெருஞ்சுவரும், மறுபடி கட்டிய ஹாலே ஓ கேஆவே கோயிலும், அதைக் காத்து நிற்கும் மர உருவங்களும் இருக்கின்றன. இங்கே வளாகத்துக்குள் நடக்கலாம். சுவரில் ஏறக் கூடாது. சிறு விரிகுடாவில் ஆமைகள் படுத்திருந்தால் விலகி நில்லுங்கள்.

கவாய்ஹாய் பக்கம் நிழலே கிடையாது, கரடுமுரடான பாதை. பெற்றோர் வருவதால் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். மூடிய செருப்பு, தொப்பி, நிறையத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.