அம்மாயியின் மூக்குத்தியும் 61 மெகாபிக்சலும்

அண்ணா, வணக்கம்.

ஈரோட்டில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புப் படங்கள் எடுக்கிறேன். ஏழு வருடமாக ஒரு 24 மெகாபிக்சல் கேமராவும் 24-70 ஜூம் லென்ஸும்தான் சோறு போட்டன. போன மாதம் கடன் வாங்கி 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடி ஒன்றும், 50, 85 மில்லிமீட்டர் என்று இரண்டு எஃப் 1.8 பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸ்களும் வாங்கினேன். பிரைம் என்றாலே ஊசி முனை மாதிரி ஷார்ப்பாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் 100 சதவீதம் (படத்தின் ஒரு பிக்சல் திரையில் ஒரு பிக்சலாக) வைத்துப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது. பழைய கேமரா படமே இதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. நண்பர் ஒருவர், "61 மெகாபிக்சலுக்கு இந்த லென்ஸ் தாங்காது, லட்ச ரூபாய் லென்ஸ் போட்டால்தான் சரிப்படும்" என்கிறார். 85 லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? அதில் எடுத்த மூன்று ரா ஃபைல்களை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளை) அனுப்பியிருக்கிறேன். ஒன்று என் அம்மாயி (அம்மாவின் அம்மா). இரண்டாவது, பவானி கூடுதுறைக் கோயில் கோபுரம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தது. மூன்றாவது, வீட்டுச் சுவரில் ஒட்டி எடுத்த நாளிதழ்.

ஒரு வாசகர், ஈரோடு

*

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று ஃபைலையும் திறந்து ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றும் மங்கலாகத்தான் இருக்கின்றன, நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் மூன்றும் மூன்று காரணத்தால் மங்கியிருக்கின்றன. அதில் லென்ஸைச் சந்தேகப்பட வேண்டியது ஒன்றில்தான்.

அம்மாயி படத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். கண் மங்கலாக இருக்கிறது, இமை முடி பஞ்சு மாதிரி தெரிகிறது. அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கி மூக்குத்தியைப் பாருங்கள். ஏழு கல்லும் தனித்தனியாக நிற்கின்றன. நடுக்கல்லின் பட்டைகளை எண்ணலாம். கல்லைப் பிடித்திருக்கும் தங்கக் கொக்கிகளில் ஒன்று தேய்ந்துபோயிருப்பதுகூடத் தெரிகிறது. (அம்மாயியிடம் சொல்லி ஆசாரியிடம் காட்டச் சொல்லுங்கள், கல் விழுந்துவிடும்.) மூக்கின் ஓரத்துத் தோலில் இருக்கும் நுண்துளைகள்கூடத் தெளிவு. அதாவது உங்கள் லென்ஸ் எஃப் 1.8-ல், அதாவது ஒளி நுழையும் துளையை முழுக்கத் திறந்த நிலையில், 61 மெகாபிக்சலுக்கு வேண்டிய விவரத்தைக் கொடுத்திருக்கிறது. கொடுத்த இடம்தான் மாறிவிட்டது.

மங்கலான படம் கையில் வந்தால், அதில் மிக ஷார்ப்பான இடம் எது என்றுதான் நான் முதலில் தேடுவேன். அப்படி ஓர் இடம் கிடைத்தால் லென்ஸ் மீது வழக்கு இல்லை, ஃபோகஸ் தவறியிருக்கிறது. எங்குமே கிடைக்காவிட்டால் கை ஆடியிருக்கலாம், காற்று கெடுத்திருக்கலாம், அப்புறம்தான் லென்ஸ்.

உங்கள் படம் சுமார் ஐந்தடி தூரத்தில் எடுத்தது மாதிரி இருக்கிறது. 85 லென்ஸ், எஃப் 1.8, ஐந்தடி என்றால் பழைய கணக்குப்படி ஷார்ப்பாக வரும் ஆழம் மூன்று சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மூக்குத்தியும் கண்ணும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கணக்கு, படத்தை ஓரளவு பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துப் பார்ப்பதற்காகப் போட்டது. படம் பதியும் சென்சாரின் மேல் 0.03 மில்லிமீட்டர் வரை மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. உங்கள் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.004 மில்லிமீட்டருக்கும் கீழே. 100 சதவீதத்தில் பார்க்கும்போது இரண்டு பிக்சல் மங்கினாலே கண்ணில் படும். அப்படிக் கணக்குப் போட்டால் மிஞ்சுவது எட்டு மில்லிமீட்டர் ஆழம்தான். மூக்குத்தியில் ஃபோகஸ் நின்றால் கண் வெளியே போய்விடும். நீங்கள் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்திருந்தீர்கள் என்று ஃபைலே சொல்கிறது. முகத்திலேயே அதிகம் மின்னியது மூக்குத்தி, கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

அதே படத்தில் லென்ஸின் உண்மையான குறை ஒன்றையும் பார்த்தேன். காதுக்குப் பின்னால் நரைமுடி மங்கலாகப் போகும் இடத்தில் லேசாகப் பச்சை அடிக்கிறது. மூக்குத்திக்கு முன்னால் மூக்கு நுனியின் பளபளப்பில் கத்தரிப்பூ நிறம். துளை அகலமாகத் திறக்கும் பிரைம் லென்ஸ்கள் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. எல்லா நிறத்தையும் ஒரே தளத்தில் குவிக்க முடியாததால், ஃபோகஸுக்கு முன்னால் ஒரு நிறமும் பின்னால் ஒரு நிறமும் கசியும். துளையைக் கொஞ்சம் சிறுத்து எஃப் 2.8-க்கு வந்தால் பெரும்பகுதி போய்விடும். கல்யாணத்தில் வெள்ளிக் குத்துவிளக்கு, கல் வைத்த நகை, ஜரிகை என்று எல்லாமே இந்தக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் பொருட்கள். அதனால் மெகாபிக்சலைவிட இதைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். விலை கூடிய லென்ஸ்களுக்கும் மலிவானவற்றுக்கும் நான் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். நடுப்பகுதி ஷார்ப்னஸில் அவ்வளவு இல்லை.

சரி, கோபுரத்துக்கு வருவோம். இந்தப் படத்தில் எங்கு தேடியும் ஷார்ப்பான இடம் கிடைக்கவில்லை. ட்ரைபாட் போட்டிருக்கிறீர்கள், ஃபோகஸும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்த நேரம் மதியம் ஒன்றே கால். கோபுரத்தின் நேர்க்கோடுகளை உற்றுப் பாருங்கள். தளங்களைப் பிரிக்கும் கிடைக்கோடு ஒரு இடத்தில் நெளிந்து, அடுத்த இடத்தில் நேராகி, மறுபடி நெளிகிறது. ஒரு பொம்மையின் முகம் ஓரளவு தெரிகிறது, பக்கத்துப் பொம்மை கரைந்திருக்கிறது. லென்ஸ் கெட்டிருந்தால் இப்படித் திட்டுத்திட்டாக வராது. இது கானல். தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் மாதிரி நெளியுமே, அதே சூடான காற்றுதான் உங்களுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் மணல்மேலும் பாறைமேலும் எழும்பி நின்றிருக்கிறது. எந்த லட்ச ரூபாய் லென்ஸும் அதை ஊடுருவாது. சந்தேகமாக இருந்தால் அதே மதியத்தில் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் தெளிவாக வரும். அப்புறம் விடிந்து அரை மணி நேரத்துக்குள் போய் ஒரு படம் எடுங்கள். அதே லென்ஸா இது என்று நீங்களே கேட்பீர்கள்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. எல்லாம் ஷார்ப்பாக வரட்டும் என்று எஃப் 16 வைத்திருக்கிறீர்கள். துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். டிஃப்ராக்‌ஷன் என்போம், பள்ளிப் புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள். எஃப் 16-ல் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகல வட்டமாக விழும். உங்கள் பிக்சல் 3.76 மைக்ரான். கிட்டத்தட்ட ஆறு பிக்சல் அகலம். எஃப் 5.6-ல் அதே வட்டம் ஏழரை மைக்ரான், அதாவது இரண்டு பிக்சல். தூரத்துக் கோபுரத்துக்கு எஃப் 16 தேவையே இல்லை. எஃப் 5.6 போதும்.

மூன்றாவது படம்தான் என்னை உட்காரவைத்தது. நாளிதழின் வலது ஓரத்து எழுத்துகள் கத்தி மாதிரி இருக்கின்றன. இடது ஓரத்தில் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கேமரா சுவருக்கு நேராக இல்லாமல் ஒரு இழை சாய்ந்திருந்தாலும் இப்படி வரும். காகிதம் சுவரில் சரியாக ஒட்டாமல் உப்பியிருந்தாலும் வரும். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அச்சு விலகி உட்கார்ந்திருந்தாலும் வரும். டீசென்டரிங் என்பார்கள். இந்த மூன்றையும் நாளிதழ் பிரித்துச் சொல்லாது. அதனால்தான் சுவரில் காகிதம் ஒட்டி லென்ஸ் பரிசோதிப்பதை நான் விட்டுவிட்டேன்.

இப்படிச் செய்யுங்கள். காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். குறைந்தது ஐந்நூறு அடி தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையோ செல்போன் கோபுரமோ, நுணுக்கமான விவரம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து, அந்தப் பலகை படத்தின் இடது ஓரத்தில் வரும்படி திருப்புங்கள். அந்த ஓரத்தையே திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். அப்புறம் அதே பலகையை வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயும் புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். எஃப் 1.8-லும் எஃப் 4-லும் இதைச் செய்யுங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வந்தால் உங்கள் சுவர்தான் குற்றவாளி. தனியாக ஃபோகஸ் செய்த பிறகும் இடது ஓரம் மட்டும் மங்கினால் லென்ஸில் கோளாறு இருக்கிறது, தயங்காமல் மாற்றுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வருடங்களுக்கு முன்னால் நான் வாங்கிய ஒரு 35 லென்ஸில் வலது ஓரம் எப்போதும் கொஞ்சம் கரைந்தே வரும். குழு போட்டோ எடுத்தால் வலது கடைசியில் நிற்பவர் மட்டும் மங்கல். என் கைதான் சரியில்லை என்று நான்கு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சர்வீஸுக்குக் கொடுத்தபோது "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று துடைத்துத் திருப்பித் தந்தார்கள். மேலே சொன்ன சோதனைப் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வைத்த பிறகுதான் உள்ளே பார்த்தார்கள். அந்த நான்கு மாதத்தில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் வலது கடைசியில் நின்ற பெரியவர் இப்போது இல்லை. அதை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கும்.

பழைய கேமரா தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் படம் 9504 பிக்சல் அகலம். சாதாரண 24 அங்குல மானிட்டர் 1920 பிக்சல் அகலம். 100 சதவீதத்தில் வைத்தால் மானிட்டரைப் போல ஐந்து மடங்கு அகலமான ஒரு படத்தின் சிறு துண்டைப் பார்க்கிறீர்கள். முழுப் படமும் தெரிந்தால் எட்டரை அடி அகலம் வரும். ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். பழைய 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல், அதை அதே மாதிரி பார்த்தால் ஐந்தரை அடி. எட்டரை அடிப் படத்தையும் ஐந்தரை அடிப் படத்தையும் பக்கத்தில் வைத்துச் சின்னதுதான் தெளிவு என்கிறீர்கள். ஒப்பிட வேண்டுமானால் ஒரே சாஃப்ட்வேரில், ஒரே ஷார்ப்பனிங் அளவில் இரண்டையும் திறந்து, புதியதை 6000-க்குச் சுருக்கிப் பாருங்கள். கானல் அடித்த அந்தக் கோபுரம்கூடப் பழைய கேமராவைவிட மோசமாக இருக்காது.

2012-ல் நிக்கான் டி800 36 மெகாபிக்சலோடு வந்தபோதும் இதே புலம்பல்தான் எங்கும். 2015-ல் கேனன் 50 மெகாபிக்சல் கொண்டுவந்தபோதும், 2019-ல் சோனி 61-க்குப் போனபோதும் "லென்ஸ் தாங்காது" என்ற வார்த்தை கூடவே வந்தது. உங்கள் நண்பர் சொல்வதும் அதுதான். லென்ஸ் ஒரு சுவர் மாதிரி நின்று இதற்குமேல் கிடையாது என்று தடுப்பதில்லை. சுமாரான லென்ஸையும் நல்ல சென்சாரில் மாட்டினால் முன்னைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். நல்ல லென்ஸ் என்றால் இன்னும் கூடும், அவ்வளவுதான்.

அந்தக் கூடுதல் உங்கள் தொழிலில் எங்கே பயன்படும் என்று யோசித்துப் பார்த்தேன். 12க்கு 36 ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கமும் விரித்துப் போடுவீர்கள் அல்லவா, அங்கே. 36 அங்குலத்துக்கு 6000 பிக்சலை இழுத்தால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான் வரும். புதிய கேமராவில் 264. ஒன்றரை அடி தூரத்தில் நல்ல கண்ணுக்கு அங்குலத்துக்கு 190-க்குக் கொஞ்சம் மேல் வரை பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே பட்டுப்புடவைக் கரையில் ஜரிகை இழை இழையாகத் தெரிவதும், மொத்தமாக மஞ்சளாகத் தெரிவதும் சரியாக இந்த இடத்தில்தான் பிரிகிறது. முகூர்த்தப் புடவையைப் பார்த்துப் பார்த்து எடுத்த அம்மா, ஆல்பத்தைத் திறந்ததும் கரையைத் தடவிப் பார்ப்பார். அதற்காக இந்தக் கேமரா வாங்கியது வீண் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த சென்சாரின் முன்னால் படத்தை மென்மையாக்கும் ஃபில்டர் கிடையாது. லென்ஸும் ஷார்ப்பாக இருந்து, பட்டின் நெசவும் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதினால் புடவையில் வானவில் கோடுகள் ஓடும். கண்டால் ஓரடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அம்மாயியை மறுபடி உட்காரவையுங்கள். வாசல் வெளிச்சம், எஃப் 2.8, 1/250 நொடி, கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ். பாடியில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். அவர் பேசும்போது தலை அசைவதைத் தாங்காது, அதற்குத்தான் அந்த 1/250. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தையும் அழிக்காதீர்கள். 12க்கு 18-ல் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் கண்ணின் மங்கல் எனக்குத் தெரியவில்லை. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புகிற மாதிரி ஒரு பார்வை அதில் இருக்கிறது. இன்னொரு தடவை உட்காரவைத்தால் அது வருமா என்று சொல்ல முடியாது.

கடையில் மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் மொட்டை மாடிச் சோதனையை நாளைக் காலையே செய்துவிடுங்கள். இடது ஓரம், வலது ஓரம் இரண்டு ஃபைலையும் எனக்கு அனுப்புங்கள், அன்று மாலையே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்
அண்ணன்