துறைமுகத்தில் நிற்கும் பாய்மரக் கப்பல்

கேள்வி: ஐ.என்.எஸ். சுதர்சினி போன்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல்கள் வெப்பமண்டலத் துறைமுகங்களில் நிற்கும் நாட்களில் பயிற்சி மாணவர்களுக்கு ஓய்வுதானா?

பதில்: பாதி ஓய்வு என்றுகூடச் சொல்ல முடியாது. கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2012 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்த, மூன்று பாய்மரங்கள் கொண்ட இக்கப்பல், அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியிலிருந்து புறப்பட்டு தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளின் துறைமுகங்களைச் சுற்றி வந்தது. அத்தகைய ஊர்களில் பாய்களைக் கெடுப்பவை மழையும் வெயிலும்தான். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மழை விட்டதும் மாணவர்கள் பாய்மரங்களில் மேலே ஏறி, பாய்கள் கட்டப்பட்டிருக்கும் குறுக்குக்கட்டைகளை ஒட்டி வரிசையாக நின்று, கயிறுகளை அவிழ்த்துப் பாய்களைத் தளரத் தொங்கவிட்டு, உலர்ந்தபின் மீண்டும் இறுக்கிக் கட்டவேண்டும். உப்புக் காற்றில் மங்கும் பித்தளையைத் துலக்குவதோ, என் கணிப்பில், எவரும் விரும்பாத வேலை. அன்று காவல் பணி இல்லாதவர்கள் அனுமதி பெற்றுக் கரை இறங்கலாம்.