அமெரிக்க எலெக்ஷன் ரூல்ஸ்: கேளுங்க, தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்

நான் பென்சில்வேனியால இருக்கேன். சிட்டிசன் ஆனப்புறம் ரெண்டு மூணு எலெக்ஷன்ல பூத்ல உக்காந்து வேலை பாத்திருக்கேன், அதோட இந்த ரூல்ஸ் பைத்தியம் வேற. எந்தக் கட்சி நல்ல கட்சின்னு மட்டும் கேக்காதீங்க, மத்ததெல்லாம் கேளுங்க.

கோவைக்காரன்: அக்கா, 2016ல ஹிலாரிக்குதான ஓட்டு அதிகம், அப்புறம் எப்படி ட்ரம்ப் ஜெயிச்சாரு? தில்லுமுல்லா?

தில்லுமுல்லு இல்ல தம்பி, ரூலே அப்படித்தான். ஹிலாரிக்கு நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டுக்கும் மேல அதிகம், உண்மைதான். ஆனா பிரசிடெண்ட தேர்ந்தெடுக்கறது எலெக்டர்ங்கற பிரதிநிதிங்கதான், ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் இத்தனை பேர்னு ஒரு கணக்கு இருக்கு, மொத்தம் 538, அதுல 270 வந்தா பிரசிடெண்ட். 48 ஸ்டேட்ல ஒரே ஒரு ஓட்டு முன்னால இருந்தா கூட அந்த ஸ்டேட் எலெக்டர் மொத்தமும் அவங்களுக்கே போயிடும். நம்ம ஊர்லயும் ஆட்சி யாருக்குன்னு ஓட்டு சதவீதத்த வெச்சா முடிவு பண்றாங்க, சீட்டுதான கணக்கு, அதே மாதிரின்னு வெச்சுக்கோங்க. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூணுலயும் சேத்து ட்ரம்புக்கு கிடைச்ச லீடு சுமார் 78,000தான், அதுலயே முடிஞ்சிடுச்சு.

2020 இன்னும் மோசம். பைடனுக்கு 70 லட்சம் ஓட்டு அதிகம், ஆனா அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின்ல சேத்து ஒரு 43,000 ஓட்டு அவருக்கு குறைஞ்சிருந்தா 269-269னு டை ஆகியிருக்கும், அப்ப கீழ்சபைல ஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டுன்னு போடணும், நாலு கோடி பேர் இருக்கற கலிபோர்னியாவுக்கும் ஒண்ணு, ஆறு லட்சம் கூட இல்லாத வயோமிங்குக்கும் ஒண்ணு!

நைட்ஷிப்ட்: அப்ப கலிபோர்னியால பிரச்சாரமே பண்ண மாட்டாங்களா?

வசூலுக்கு வருவாங்க 😄 ஓட்டு கேக்க, ரெண்டு கட்சிக்கும் கிட்டத்தட்ட சமமா ஓட்டு இருக்கற எங்க ஊருக்கு வருவாங்க. அக்டோபர் வந்தாலே எங்க வீட்டு தபால் பெட்டில கரண்ட் பில்ல தேடி எடுக்கணும், அவ்ளோ நோட்டீஸ். நெப்ராஸ்கா, மெய்ன் ரெண்டும் மட்டும் எலெக்டர்ல சிலத தொகுதிவாரியா பிரிச்சுக் குடுக்கும், அதனால நெப்ராஸ்கா முழுக்க குடியரசுக் கட்சி ஸ்டேட்டா இருந்தாலும் ஒமாஹாங்கற ஒரு ஊருக்கு மட்டும் மவுசு. 2024ல அங்க வீட்டு வாசல்ல பேர் கூட போடாம வெள்ளை போர்டுல ஒரு நீலப் புள்ளி (நீலம் ஜனநாயகக் கட்சி கலர்) மட்டும் வெச்சு நட்டு வெச்சிருந்தாங்க, அந்த ஒரு எலெக்டருக்காக.

அம்மாபேட்டை: ஓட்டுக்கு காசு குடுப்பாங்களா மேடம்?

குடுத்தா ஜெயிலு. காசு வேற வழில ஓடுது. 2010ல சிட்டிசன்ஸ் யுனைடெட்னு ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அதுக்கப்புறம் சூப்பர் பேக்னு தனி அமைப்பு வெச்சுக்கிட்டு எவ்ளோ வேணா வசூல் பண்ணலாம், எவ்ளோ வேணா செலவு பண்ணலாம், வேட்பாளர்கிட்ட கலந்து பேசக்கூடாதுன்னு பேருக்கு ஒரு கண்டிஷன். ஆனா காசு இருந்தா ஜெயிச்சிடலாம்னு நெனைக்காதீங்க, 2020ல நியூயார்க் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க், ஜனநாயகக் கட்சி பிரசிடெண்ட் வேட்பாளர் ஆகறதுக்கு சொந்தக் காசு சுமார் 100 கோடி டாலர் எறச்சாரு, கட்சிக்குள்ள நடந்த போட்டில ஜெயிச்சது அமெரிக்கன் சமோவாங்கற குட்டித் தீவுக்கூட்டம் மட்டும்.

காசே தேவையில்லாத ஒரு விஷயம் சொல்றேன். இங்க நீங்க யாருக்கு போட்டீங்கங்கறதுதான் ரகசியம், போட்டீங்களா இல்லையாங்கறது பதிவுல இருக்கும், கட்சிங்க அத வாங்கிக்கலாம். 2006ல மிச்சிகன்ல ஆராய்ச்சி பண்றவங்க ஒரு வேலை பண்ணாங்க, வீட்டுக்கு ஒரு லெட்டர், அதுல உங்க பேரும் பக்கத்து வீட்டுக்காரங்க பேரும் போட்டு யார் யார் போன தடவை ஓட்டு போட்டாங்கன்னு லிஸ்ட்டு, எலெக்ஷன் முடிஞ்சதும் புது லிஸ்ட் அனுப்புவோம்னு ஒரு வரி. அவ்ளோதான். லெட்டர் வராதவங்கள்ல 29.7 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க, வந்தவங்கள்ல 37.8. எதிர்வீட்டு மாமி என்ன நெனைப்பாங்கங்கற பயம் நமக்கு மட்டும் இல்ல பாத்துக்கோங்க.

மேப்பு மாணிக்கம்: ஜெர்ரிமேண்டரிங்னா என்ன அக்கா? தொகுதி மறுசீரமைப்புதான?

மறுசீரமைப்புதான், ஆனா கோடு போடறது பெரும்பாலான ஸ்டேட்ல ஆளுங்கட்சியே. 1812ல மாசசூசெட்ஸ் கவர்னர் ஜெர்ரி கையெழுத்து போட்ட மேப்புல ஒரு தொகுதி சாலமாண்டர்ங்கற பல்லி மாதிரி பிராணி போல இருந்துச்சு, ஜெர்ரி, சாலமாண்டர் ரெண்டையும் ஒட்டி வெச்ச பேரு இது. எதிர்க்கட்சி ஆளுங்கள ஒரே தொகுதில திணிச்சு அடைக்கணும், மிச்சம் இருக்கறவங்கள பல தொகுதிக்கு சிதற விடணும், இதான் டெக்னிக். எங்க ஸ்டேட்ல பழைய ஏழாவது தொகுதி மேப்ப பாத்தா கார்ட்டூன்ல வர்ற டொனால்ட் டக்க கூஃபி எட்டி ஒதைக்கற மாதிரியே இருந்துச்சு, ஒரு இடத்துல ஒரு ரெஸ்டாரண்ட் கட்டடம் அகலத்துலதான் ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு இருந்துச்சு. 2012ல ஜனநாயகக் கட்சிக்கு ஸ்டேட் முழுக்க ஓட்டு கொஞ்சம் அதிகம், சீட்டு 18ல 5. ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் 2018ல மேப்ப தூக்கிப் போட்டு புதுசு போட்டுச்சு, அந்த வருஷமே 9-9.

2019ல நாட்டோட சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிடுச்சுன்னா, கட்சி லாபத்துக்கு கோடு போட்டா அது ஃபெடரல் கோர்ட் வேலை இல்லன்னு. அதான் வழக்கமா பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தற மேப்ப 2025ல டெக்சாஸ் நடுவுலயே மாத்துச்சு, பதிலுக்கு கலிபோர்னியாவும் மக்கள்கிட்ட ஓட்டு வாங்கி மாத்துச்சு. ரெண்டு கட்சியும் ஒரே குட்டைதான் இதுல.

சந்தேகசாமி: 2020ல ராத்திரி ட்ரம்ப் லீடிங், ரெண்டு நாள் கழிச்சு பைடன் லீடிங். இது ஃபிராடு இல்லாம என்ன?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும் 🙂 எங்க ஸ்டேட் சட்டப்படி தபால் ஓட்டு கவர ஓட்டுப்பதிவு அன்னிக்கு காலைல 7 மணிக்கு முன்னாடி பிரிக்கவே கூடாது. கொரோனா வருஷம், இருபத்தஞ்சு லட்சத்துக்கும் மேல கவர். வெளிக்கவர பிரி, உள்ள இன்னொரு கவர், அதுலேர்ந்து ஷீட்ட எடு, மடிப்ப நிமுத்தி மிஷின்ல விடு. உள்கவர் இல்லன்னா அந்த ஓட்டே செல்லாது. தபால்ல போடாதீங்கன்னு ட்ரம்ப் சொல்லிட்டே இருந்ததால அவர் ஆளுங்க நேர்ல வந்து போட்டாங்க, அது ராத்திரியே எண்ணியாச்சு, பைடன் ஆளுங்க ஓட்டு கவருக்குள்ள கெடந்துச்சு. ஃப்ளோரிடால முன்னாடியே பிரிச்சு எண்ணி வெச்சுக்கலாம்னு ரூல், அங்க அன்னிக்கு ராத்திரியே ரிசல்ட் வந்துடுச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல.

தேனி டீ: 50 சதவீதம் வாங்கணும்னு எங்கயாவது இருக்கா?

ஜார்ஜியால இருக்கு. 2020 நவம்பர்ல செனட்டுக்கு, அதாவது மேல்சபைக்கு, நின்ன குடியரசுக் கட்சி பெர்டூ 49.7 சதவீதம் வாங்கி சுமார் 88,000 ஓட்டு முன்னால இருந்தாரு, பெரும்பாலான ஸ்டேட்ல அதோட ஜெயிச்சாச்சு. அங்க மறுபடி ஓட்டெடுப்பு, 2021 ஜனவரி 5ல ஜனநாயகக் கட்சி ஓசாஃப்கிட்ட தோத்தாரு. அன்னிக்கே அவர் கட்சிக்கு ஜார்ஜியால இன்னொரு சீட்டும் போச்சு, செனட் 50-50. டை ஆனா வைஸ் பிரசிடெண்ட் ஓட்டு, அப்ப அந்தப் பதவில இருந்தவர் துளசேந்திரபுரத்துல பட்டாசு வெடிச்சாங்களே, அந்த கமலா ஹாரிஸ்.

நோட்டா நாகராஜ்: நோட்டா?

நெவாடால மட்டும், 1975லேர்ந்து.

கணக்குப்புள்ள: ரெண்டு பேருக்கும் சமமா வந்தா?

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். விர்ஜினியால 2017ல ஒரு சட்டசபை தொகுதி, முதல்ல குடியரசுக் கட்சிக்காரர் 10 ஓட்டு லீடு, மறுபடி எண்ணுனா எதிர்த்து நின்ன ஜனநாயகக் கட்சி அம்மா ஒரு ஓட்டு லீடு, அப்புறம் ஒரு ஷீட்டு மேல சண்டை. யாரோ ரெண்டு வட்டத்தையும் நிரப்பிட்டு அதுல அந்தம்மா வட்டத்துல கோடு கிழிச்சு வெச்சிருக்காங்க. அந்த ஓட்டு குடியரசுக் கட்சிக்காரருக்குத்தான்னு ஜட்ஜுங்க சொன்னாங்க, 11,608 - 11,608. 2018 ஜனவரி 4ம் தேதி ரெண்டு பேர் பேரையும் சீட்டுல எழுதி பழைய ஃபிலிம் டப்பால போட்டு, அத ஒரு பீங்கான் கிண்ணத்துல போட்டுக் கலக்கி எடுத்தாங்க, குடவோலை மாதிரியே. அவர் பேர் வந்துச்சு, சபை 51-49ன்னு அவர் கட்சி கைலயே நின்னுச்சு.

அந்த ஷீட்ட நிரப்புனவர் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வெளிய தெரியாது. பூத்ல இப்ப ஷீட்ட நீட்டும்போதே சொல்லிடுவேன், தப்பா நிரப்பிட்டா கோடெல்லாம் கிழிக்காதீங்க, எங்கிட்ட வாங்க, புதுசு தரேன்னு.